நிலக்கடலை ஒவ்வாத குழந்தைக்கு வீட்டுச் சமையல்

நிலக்கடலையை ஏழைகளின் பாதாம் என்று சொல்வதுண்டு. 100 கிராம் பருப்பில் ஏறக்குறைய 25 கிராம் புரதமும் 560 கலோரிக்கு மேல் எரிசக்தியும் உள்ளன. வளரும் குழந்தைக்கு இதைவிட மலிவான சத்துணவு கிடைப்பது அரிது. ஆகவேதான் மனையியல் பயிற்சிகளில் நிலக்கடலை உருண்டை செய்யக் கற்றுக் கொடுக்கிறோம். ஆனால் இந்தச் சத்துணவே நஞ்சாகிவிடும் குழந்தைகளும் சிலர் உண்டு. எண்ணிக்கையில் அவர்கள் குறைவுதான். ஆயினும் அப்படி ஒரு குழந்தை நம் வீட்டில் பிறந்துவிட்டால் அடுப்படி முழுவதையும் புதிதாக எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

திருவண்ணாமலை மாவட்டத்தில் ஒரு சிற்றூருக்குப் பயிற்சி நடத்தச் சென்றிருந்தபோது இத்தகைய குடும்பம் ஒன்றைக் கண்டேன். இரண்டு ஏக்கரில் மல்லாட்டை சாகுபடி செய்பவர்கள். நிலக்கடலைக்கு அந்தப் பக்கத்தில் அதுதான் பெயர். மகனுக்கு நான்கு வயது. ஒன்றரை வயதில் இட்டிலிக்குத் தொட்டுக்கொள்ள மல்லாட்டைச் சட்னி கொடுத்திருக்கிறார்கள். கால் மணி நேரத்திற்குள் உதடு தடித்தது. உடம்பெங்கும் தடிப்புத் தடிப்பாக எழுந்தது. பூச்சி ஏதோ கடித்திருக்கும் என்று பாட்டி மஞ்சள் அரைத்துப் பூசினார். சில மாதங்கள் கழித்து அவித்த காய் இரண்டைத் தின்றபோது வாந்தியும் இளைப்பும் வந்தன. மூன்றாம் முறை களத்தில் பச்சைக் காயை உடைத்துத் தின்ற பிள்ளை மூச்சுக்குத் திணறி, கைகால் துவண்டு விழுந்தான். அப்போதுதான் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பிள்ளை பிழைத்தது அவர்கள் செய்த நல்வினை. மூன்று முறையும் காரணம் ஒன்றே என்பதை யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை. வீட்டில் தினமும் புழங்கும் பண்டத்தின் மேல் யாருக்குத்தான் ஐயம் வரும்?

ஒவ்வாமை என்பது எது?

உணவில் உள்ள புரதத்தை உடல் பகைப்பொருள் என்று தவறாக எண்ணி எதிர்ப்பதே ஒவ்வாமை. இரத்தத்தில் ஐ.ஜி.இ. என்னும் எதிர்ப்புப் பொருள் அந்தப் புரதத்திற்கென்றே உண்டாகி நிற்கிறது. மறுமுறை அதே உணவு உள்ளே சென்றதும் தடிப்பு, அரிப்பு, உதடு கண்ணிமை வீக்கம், வாந்தி, இருமல், இளைப்பு ஆகியவை தோன்றுகின்றன. பெரும்பாலும் சில நிமிடங்களிலிருந்து இரண்டு மணி நேரத்திற்குள் தெரிந்துவிடும். மிகச் சிறிய அளவே போதும். கரண்டியில் ஒட்டியிருந்த சட்னி போதும்.

பால் குடித்தால் வயிறு உப்பிக் கழிச்சல் காண்பது வேறு. அது பாலிலுள்ள சர்க்கரை செரிக்காத குறை, உயிருக்கு ஆபத்தில்லை. நம் வீடுகளில் சொறி சிரங்கு வந்தால் 'கரப்பான் பண்டம்' என்று கத்தரிக்காய், கருவாடு, முட்டை, பால் எல்லாவற்றையும் ஒரேயடியாக நிறுத்தும் வழக்கமும் உண்டு. இதை நான் சரியென்று சொல்லமாட்டேன். ஒரு பண்டம் ஒவ்வாத பிள்ளைக்கு ஐந்து பண்டங்களை நிறுத்தினால், ஒவ்வாமையை விட்டுவிட்டுச் சத்துக் குறைவை வாங்கிக்கொண்டவர்கள் ஆவோம். எது ஒவ்வாதது என்பதைத் தாயின் நினைவும் மருத்துவரின் சோதனையும் சேர்ந்து முடிவு செய்ய வேண்டும். என்ன தின்றது, எவ்வளவு, எத்தனை நிமிடத்தில் என்ன கண்டது என்று ஒரு நோட்டில் எழுதிக் கொண்டு போங்கள். தோலில் குத்திப் பார்க்கும் சோதனையும் இரத்தச் சோதனையும் உண்டு. ஆனால் சோதனைத் தாளில் உள்ளது என்று வந்துவிட்டதால் மட்டும் ஒவ்வாமை உறுதியாகிவிடாது. சிரமமின்றித் தின்றுவரும் பண்டத்தைத் தாளைப் பார்த்து நிறுத்த வேண்டுவதில்லை.

கடலை என்றால் எந்தக் கடலை?

நம் மொழியில் ஒரு சிக்கல் இருக்கிறது. நிலக்கடலையும் கடலை, கொண்டைக்கடலையும் கடலை, அதை வறுத்து உடைத்தது பொட்டுக்கடலை, பச்சையாக உடைத்தது கடலைப் பருப்பு, அதன் மாவு கடலை மாவு. ஆனால் கடலை எண்ணெயும் கடலை மிட்டாயும் நிலக்கடலையில் செய்தவை. 'என் பிள்ளைக்குக் கடலை ஆகாது' என்று ஒரு தாய் சொன்னால் கேட்பவர் எதை வேண்டுமானாலும் நினைத்துக் கொள்ளலாம். மிட்டாயை மறைத்து வைத்துவிட்டு, மல்லாட்டை அரைத்த சட்னியை ஊற்றுவார்கள். ஆகவே அங்கன்வாடியிலும் பள்ளியிலும் உறவினர் வீட்டிலும் உங்கள் ஊரில் வழங்கும் பெயரைச் சொல்லி, கையில் ஒரு காயைக் காட்டியே சொல்லுங்கள்.

நிலக்கடலை ஒவ்வாத குழந்தைகளில் மிகப் பெரும்பாலோருக்குத் துவரை, பயறு, கொண்டைக்கடலை போன்ற பருப்புகள் ஒத்துக்கொள்ளும். எல்லாமே பருப்பினம்தானே என்று அனைத்தையும் நிறுத்துவது தேவையற்றது. எனினும் கொண்டைக்கடலைக்கும் உளுந்துக்கும் தனியே ஒவ்வாமை உடையோர் நம் நாட்டிலும் உண்டு. முந்திரி, பாதாம், எள் ஆகியவையும் சிலருக்குச் சேர்ந்து ஆகாமற் போகலாம். கீழே சொல்லும் பொருள்களில் உங்கள் பிள்ளை இதுவரை தின்று பழகாதது எதுவாயினும் மருத்துவரைக் கேட்ட பிறகே கொடுக்கவும்.

எண்ணெயும் செக்கும்

இதுதான் உழவர் வீட்டில் கடினமான இடம். சொந்தக் காயைச் செக்கில் ஆட்டி ஆண்டு முழுவதும் வைத்துக் கொள்வது நம் வழக்கம். செக்கெண்ணெயில் பருப்பின் புரதம் சிறிதளவு தங்கிவிடுகிறது. ஆலையில் நன்கு சுத்திகரித்த எண்ணெயில் அது ஏறக்குறைய இல்லாமற் போகிறது. 1997-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் நிலக்கடலை ஒவ்வாத 60 பேருக்கு இரண்டு வகை எண்ணெயும் கொடுத்துப் பார்த்தார்கள். சுத்திகரித்த எண்ணெயில் ஒருவருக்கும் ஒன்றும் நேரவில்லை. சுத்திகரிக்காத எண்ணெயில் 6 பேருக்கு ஒவ்வாமை கண்டது. செக்கெண்ணெயின் மணமும் சுவையும் எனக்கும் பிடிக்கும். ஆனால் இந்தக் குழந்தையின் வீட்டில் அது கூடாது.

நல்லெண்ணெயோ தேங்காய் எண்ணெயோ ஆட்டிக் கொள்ளலாமே என்றால், அதிலும் ஒரு கவனம் வேண்டும். ஒரே செக்கில் காலையில் நிலக்கடலையும் பிற்பகலில் எள்ளும் ஆட்டுவார்கள். செக்கில் ஒட்டியுள்ள பிண்ணாக்கு அடுத்த எண்ணெயில் கலந்துவிடும். நிலக்கடலை ஆட்டாத செக்கு கிடைத்தால் நலம். கிடைக்காவிடில் கடையில் அடைத்து விற்கும் சுத்திகரித்த சூரியகாந்தி எண்ணெயை வாங்கிக் கொள்வதே பாதுகாப்பு. விளைந்ததை விற்றுவிட்டு எண்ணெயைக் காசு கொடுத்து வாங்குவதா என்று வீட்டுப் பெரியவர்கள் முணுமுணுப்பார்கள். நான் சொன்ன குடும்பத்திலும் அந்தப் பேச்சு நடந்தது. பிள்ளைக்கு மட்டும் தனி எண்ணெய், தனிச் சட்டி என்று சில வாரம் வைத்துப் பார்த்தார்கள். தாளிக்கும் கரண்டி இரண்டு சட்டிக்கும் போய்வந்தது. பிள்ளைக்கு மீண்டும் தடிப்பு எழுந்தது. அதன் பின் வீடு முழுவதற்கும் ஒரே எண்ணெய் என்று மாற்றிக்கொண்டார்கள். வேலையும் குறைந்தது. அனைவருக்கும் ஒரே உலையில் சமைப்பதையே நானும் பரிந்துரைக்கிறேன். மற்றப் பிள்ளைகள் நிலக்கடலை தின்ன விரும்பினால் வெளியில் தின்றுவிட்டுக் கையும் வாயும் கழுவிக்கொண்டு வரட்டும்.

கை கழுவுவதிலும் ஒரு செய்தி உண்டு. வெறும் தண்ணீரில் கழுவினால் கடலைப் புரதம் முழுவதும் போவதில்லை. கையில் தடவும் கிருமிநாசினித் திரவத்தாலும் போவதில்லை. சோப்புப் போட்டுத் தண்ணீர் விட்டுக் கழுவினால்தான் போகும்.

அவித்தால் வீரியம் போய்விடும் என்று சிலர் எண்ணுகிறார்கள். வறுத்த கடலையைவிட அவித்த கடலையில் வீரியம் சற்றுக் குறைவு என்பது உண்மையே. ஆனால் அந்தக் குறைவை நம்பி ஒரு பருப்பைக்கூடக் கொடுத்துப் பார்க்கக் கூடாது.

மறைந்து வரும் இடங்கள்

வீட்டில் நிறுத்திவிடலாம். வெளியிலிருந்து வருவதுதான் ஏமாற்றிவிடும். புளியோதரையிலும் எலுமிச்சைச் சாதத்திலும் தாளிப்பில் நிலக்கடலை இருக்கும். கோயில் பிரசாதம் என்று மறுக்கத் தயங்கிக் கொடுத்துவிடுவோம். உணவு விடுதியில் தேங்காய்ச் சட்னி என்று ஊற்றுவதில் செலவைக் குறைக்கப் பாதிக்கு மேல் நிலக்கடலை அரைத்திருப்பார்கள். சால்னாவும் குருமாவும் கெட்டியாவதற்கும் இதையே அரைத்து விடுவதுண்டு. மிக்சர், காராபூந்தி, பொரி உருண்டை, கொழுக்கட்டைப் பூரணம் எல்லாவற்றிலும் கேட்டுப் பார்க்க வேண்டும். வடை வெறும் உளுந்தாக இருந்தாலும் அது வெந்த எண்ணெயில் முன்னால் எது வெந்தது என்பது தெரியாது.

பொட்டுக்கடலையையே எடுத்துக்கொள்ளுங்கள். நிலக்கடலைக்கு மாற்றாக அதைத்தான் கீழே சொல்லப் போகிறேன். ஆனால் வறுகடலைக் கடையில் நிலக்கடலையும் கொண்டைக்கடலையும் ஒரே சட்டி மணலில் வறுபடுகின்றன. மளிகைக் கடையில் இரண்டு மூட்டையும் பக்கத்தில் பக்கத்தில் இருக்க, ஒரே குவளையால் அள்ளுகிறார்கள். பொட்டுக்கடலையை உதிரியாக வாங்காமல் அடைத்த பொட்டலமாக வாங்கி, முறத்தில் கொட்டிப் புடைத்துப் பார்த்து, பிறகே பயன்படுத்தவும்.

மாவு அரைவை நிலையமும் இப்படித்தான். உங்களுக்கு முன் அரைத்தவர் சத்து மாவில் நிலக்கடலை போட்டிருப்பார். காலையில் முதல் ஆளாகப் போய், இயந்திரத்தைத் துடைக்கச் சொல்லி, ஒரு படி அரிசியை முதலில் அரைத்து அந்த மாவை மாட்டுக்கு ஒதுக்கிவிட்டு, பிறகு பிள்ளையின் தானியத்தை அரைக்கலாம். இதிலும் முழு உறுதி இல்லை. சிறிதளவுதான் தேவை என்றால் வீட்டு மிக்சியில் அரைத்துச் சலிப்பதே மேல்.

பொட்டலத்தில் வரும் தின்பண்டங்களுக்கு ஒரு வசதி உண்டு. உணவுப் பாதுகாப்பு, தர நிர்ணய ஆணையத்தின் 2020-ஆம் ஆண்டு விதிகளின்படி நிலக்கடலை, பால், முட்டை, மீன், சோயா, கோதுமை போன்றவை சேர்ந்திருந்தால் உறையில் தனியாக அச்சிட வேண்டும். எழுத்து பொடியாகவும் பெரும்பாலும் ஆங்கிலத்திலும் இருக்கும். படிக்கத் தெரிந்த பிள்ளையிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். அந்த விதியின் பட்டியலில் எள் இல்லை. எள் ஆகாத பிள்ளை வீட்டில் இருந்தால் சேர்மானப் பட்டியல் முழுவதையும் பார்க்க வேண்டும். உறையில்லாமல் தட்டில் விற்கும் பண்டத்திற்கு இந்தப் பாதுகாப்பு எதுவும் கிடையாது.

சத்துக்கு என்ன செய்வது?

30 கிராம் நிலக்கடலை தின்னும் குழந்தைக்கு அதிலிருந்து ஏறக்குறைய 170 கலோரி கிடைக்கிறது. அதே அளவு பொட்டுக்கடலையில் புரதம் ஏறக்குறைய அதே அளவுதான். ஆனால் எரிசக்தி 110 கலோரிதான். கொழுப்பு குறைவாக இருப்பதே காரணம். இந்த 60 கலோரியை ஒன்றரைத் தேக்கரண்டி நெய்யோ எண்ணெயோ சேர்த்து ஈடு செய்துவிடலாம். பலர் பொட்டுக்கடலையைக் கொடுத்துவிட்டு நெய்யை மறந்துவிடுகிறார்கள். பிள்ளை எடை ஏறவில்லையே என்று பிறகு கவலைப்படுகிறார்கள். முட்டை ஒத்துக்கொள்ளும் குழந்தைக்குத் தினம் ஒரு முட்டை கொடுக்கவும்.

சட்னி: பொட்டுக்கடலை 50 கிராம், தேங்காய்த் துருவல் 50 கிராம், பச்சை மிளகாய் 2, சிறு துண்டு இஞ்சி, உப்பு. இவற்றை அரைத்து, சுத்திகரித்த எண்ணெயில் கடுகு, கறிவேப்பிலை தாளித்துக் கொட்டவும். மல்லாட்டைச் சட்னியின் கெட்டித்தன்மை வேண்டுமானால் வேகவைத்த துவரம் பருப்பு ஒரு மேசைக்கரண்டி சேர்த்து அரைக்கலாம். அந்த வீட்டில் பாட்டிக்கு இந்தச் சட்னி பிடிக்கச் சில நாட்கள் ஆயின.

மாலாடு: கடலை மிட்டாய்க்குப் பதிலாக இதைச் செய்து வைக்கலாம். பொட்டுக்கடலை 200 கிராமை வெறும் வாணலியில் சூடேற வறுத்து, ஆறியதும் நைசாகப் பொடித்துச் சலிக்கவும். சர்க்கரை 150 கிராமை இரண்டு ஏலக்காயுடன் பொடித்துக் கலக்கவும். நெய் 80 முதல் 100 கிராம் வரை காய்ச்சி, சிறிது சிறிதாக ஊற்றிக் கை பொறுக்கும் சூட்டில் பிடிக்கவும். உதிர்ந்தால் இன்னும் ஒரு கரண்டி நெய் விடவும். மூடிய டப்பாவில் இரண்டு வாரம் கெடாது. மாவாகச் செய்வதால் சிறு குழந்தைக்குத் தொண்டையில் சிக்காது. பாலும் ஆகாத குழந்தையானால் நெய்யும் கூடாது, அதில் பாலின் புரதம் சிறிது நின்றுவிடும். நிலக்கடலை கலவாத தேங்காய் எண்ணெயைச் சூடாக்கி ஊற்றிப் பிடிக்கலாம்.

சத்து மாவு: கேழ்வரகு 500 கிராம், பச்சைப் பயறு 200 கிராம், பொட்டுக்கடலை 200 கிராம், கம்பு 100 கிராம். கேழ்வரகை 12 மணி நேரம் ஊறவைத்து, ஈரத்துணியில் ஒரு நாள் கட்டி முளை கண்டதும் நிழலில் உலர்த்தவும். பயறையும் கம்பையும் மணம் வர வறுத்துக் கொள்ளவும். எல்லாவற்றையும் சேர்த்து அரைத்தால் 100 கிராம் மாவில் ஏறக்குறைய 14 கிராம் புரதம் இருக்கும். இரண்டு மேசைக்கரண்டி மாவைத் தண்ணீரில் கரைத்து, கைவிடாமல் கிளறிக் காய்ச்சி, வெல்லமும் ஒரு தேக்கரண்டி நெய்யும் சேர்த்துக் கொடுக்கவும்.

பால் ஒவ்வாத குழந்தைகளைப் பற்றி ஒரு வார்த்தை. பசும்பால் ஆகாவிட்டால் ஆட்டுப்பால் கொடு என்று ஊரில் சொல்வார்கள். இது ஆபத்தான யோசனை. இரண்டின் புரதங்களும் ஒன்றையொன்று ஒத்தவை. பசும்பால் ஒவ்வாத குழந்தைகளில் பத்தில் ஒன்பது பேருக்கு ஆட்டுப்பாலும் ஒவ்வாது. எருமைப் பாலும் அப்படியே. தேங்காய்ப் பால் பெயரில்தான் பால்; அதில் புரதமும் சுண்ணாம்புச் சத்தும் மிகக் குறைவு. கைக்குழந்தையானால் தாய்ப்பாலைத் தொடர்ந்து கொடுத்து, மற்றதை மருத்துவரிடம் கேளுங்கள். வளர்ந்த பிள்ளைக்குக் கேழ்வரகு, முருங்கைக்கீரை, முள்ளோடு தின்னும் சிறு மீன் ஆகியவை சுண்ணாம்புச் சத்தை ஈடு செய்யும். 100 கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்கு மேல் உள்ளது. பசும்பாலில் 120 மில்லிகிராம்தான்.

அறுவடை நாட்களில்

செடி பிடுங்கிக் காய் ஆயும் நாட்களில் பிள்ளையைக் களத்துக்கு அழைத்துச் செல்லாதீர்கள். விதைக்கு உடைக்கும்போதும் இயந்திரத்தில் உடைக்கும்போதும் எழும் தூசு கண் அரிப்பு, தும்மல், இளைப்பு வரை கொண்டுபோகும். காய் மூட்டைகளை வீட்டுக்குள் அடுக்காமல் தாழ்வாரத்திலோ கொட்டகையிலோ வையுங்கள். களத்து வேலை முடித்தவர்கள் குளித்து உடை மாற்றிய பிறகு பிள்ளையைத் தூக்கட்டும். மாட்டுத் தொட்டியில் ஊறும் கடலைப் பிண்ணாக்கையும் மறக்க வேண்டாம்; நான்கு வயதுப் பிள்ளைக்கு அது விளையாட்டுப் பொருள்.

அங்கன்வாடிப் பணியாளரிடமும் சத்துணவு அமைப்பாளரிடமும் எழுத்தில் கொடுத்துவிடுங்கள். முட்டை ஒவ்வாத பிள்ளையானால் முட்டை உண்ணாத பிள்ளைகளுக்குக் கொடுக்கும் வாழைப்பழத்தைக் கேட்டு வாங்கலாம். முட்டை உரித்த கையால் தட்டில் சோறு வைக்கக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

மூச்சுத் திணறினால்

தடிப்போடு இருமல், குரல் கம்மல், இளைப்பு, திரும்பத் திரும்ப வாந்தி, மயக்கம் இவற்றில் ஒன்று சேர்ந்துவிட்டால் அது 'அனாபைலாக்சிஸ்' என்னும் கடும் ஒவ்வாமை. தடிப்பு இல்லாமலும் இது வரக்கூடும். இதற்கு முதல் மருந்து அட்ரினலின் ஊசி. தொடையின் வெளிப்புறத் தசையில் போட வேண்டும். அரிப்பு மாத்திரை இதற்கு ஈடாகாது. வெற்றிலை மிளகு கொடுப்பதும், வாந்தி எடுக்க வைப்பதும், மந்திரிக்கத் தூக்கிப் போவதும் நேரத்தைக் கொல்லும். தமிழ்நாட்டில் 2008 முதல் இயங்கும் 108 ஊர்திக்குச் சொல்லிவிட்டு, பிள்ளையைப் படுக்க வைத்துக் காலை உயர்த்துங்கள். மூச்சுத் திணறல் மிகுதியானால் சாய்த்து உட்கார வைக்கலாம். எழுந்து நிற்கவோ நடக்கவோ விடக் கூடாது. தேறிவிட்டது போல் தோன்றினாலும் சில மணி நேரம் கழித்து மறுபடி வரக்கூடும்; மருத்துவமனையில் இருந்து பார்த்துத்தான் திரும்ப வேண்டும்.

தடுப்பூசி போடும் இடத்திலும் பாம்புக்கடி மருந்து போடும் இடத்திலும் இந்த ஊசி மருந்து இருப்பில் இருக்க வேண்டியது. நல்ல நாளிலேயே ஒரு முறை உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சென்று, இரவில் யார் இருப்பார், மருந்து எங்கே கிடைக்கும் என்று விசாரித்து வையுங்கள். பிள்ளையின் ஒவ்வாமை, எடை இரண்டையும் எழுதிய சீட்டு ஒன்று வீட்டு நிலைப்படியிலும் ஒன்று தந்தையின் பையிலும் இருக்கட்டும்.

அடுத்த குழந்தைக்கு

மூத்த பிள்ளைக்கு ஆகாதென்று இளையதற்கும் நிலக்கடலையே காட்டாமல் வளர்ப்பது முன்பு சரியான யோசனையாகக் கருதப்பட்டது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கமே 2000-ஆம் ஆண்டில், ஒவ்வாமை வரக்கூடிய குழந்தைகளுக்கு 3 வயது வரை நிலக்கடலை வேண்டாம் என்று சொல்லி, 2008-இல் அதைக் கைவிட்டது. இலண்டனில் நடத்தப்பட்டு 2015-இல் வெளியான ஆய்வு நேர்மாறான முடிவைக் காட்டியது. கடுமையான கரப்பானோ முட்டை ஒவ்வாமையோ உள்ள 640 கைக்குழந்தைகளை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு நிலக்கடலை கலந்த உணவைத் தொடர்ந்து கொடுத்தார்கள், மற்றதற்குக் கொடுக்கவில்லை. 5 வயதில் கொடுக்காத பிரிவில் 100-க்கு 17 பேருக்கும், கொடுத்த பிரிவில் 100-க்கு 3 பேருக்கும் ஒவ்வாமை இருந்தது. ஆகவே ஆறு மாதம் முடிந்து இணை உணவு தொடங்கும்போது நைசாக அரைத்த நிலக்கடலையைக் கூழில் கலந்து கொடுப்பது பொதுவாக நல்லதே. முழுப் பருப்பு 5 வயது வரை கூடாது, மூச்சுக்குழாயில் சிக்கும். கரப்பான் அதிகமுள்ள குழந்தைக்கும், ஒவ்வாமை உள்ள பிள்ளையின் தம்பி தங்கைக்கும் முதல் வாயை மருத்துவரைக் கேட்ட பிறகே ஊட்டுங்கள். ஏற்கெனவே ஒவ்வாமை வந்துவிட்ட பிள்ளைக்கு இந்த முறை பொருந்தாது.

பால், முட்டை ஒவ்வாமை பெரும்பாலான குழந்தைகளுக்கு வளர வளர நீங்கிவிடும். நிலக்கடலை ஒவ்வாமை ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குத்தான் நீங்கும். நீங்கிவிட்டதா என்பதை மருத்துவர் சோதனை பார்த்து, மருத்துவமனையில் வைத்து, சிறிது சிறிதாகக் கொடுத்துப் பார்த்துச் சொல்வார். நான் சொன்ன பிள்ளைக்கு அந்த நாள் இன்னும் வரவில்லை. அவன் தந்தை இரண்டு ஏக்கரிலும் மல்லாட்டைதான் போடுகிறார்; ஆய்ந்த காயைக் களத்திலிருந்து நேரே ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்கு ஏற்றிவிடுகிறார்.